மாநில எல்லை அறியாத மணிச்சத்து

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், செசபீக் விரிகுடாவுக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது டெல்மார்வா தீபகற்பம். டெலவேர், மேரிலாந்து, வர்ஜீனியா என்ற மூன்று மாநிலங்கள் அதைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. நிலத்தின் முகம் எங்கும் ஒன்றுதான்: தட்டையான மணற்பாங்கு, கொஞ்சம் தோண்டினாலே ஊறும் தண்ணீர், மக்காச்சோளம், சோயா, இடையிடையே நீண்ட கோழிப்பண்ணைக் கொட்டகைகள். இங்கே ஒரு வயலில் மண் எடுத்து, நன்றாகக் கலந்து, பாதியை வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கும் பாதியை டெலவேர் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கும் அனுப்பினால், மணிச்சத்துக்கு இரண்டு வெவ்வேறு எண்கள் வரும். டெலவேரின் எண் பெரும்பாலும் பெரியதாக இருக்கும். இரண்டு ஆய்வகங்களுமே நேர்த்தியாக வேலை செய்தவை. ஒன்றும் பிழை செய்யவில்லை.

இது எப்படி என்று புரிய, மண் பரிசோதனை எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு ஹெக்டேர் நிலத்தின் உழவு ஆழத்துக்குள் இருக்கும் மொத்த மணிச்சத்து பல நூறு கிலோவிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் இருக்கலாம். நல்ல விளைச்சல் தரும் மக்காச்சோளம் ஒரு பருவத்தில் தானியமாகக் கொண்டுபோவது 30 கிலோ அளவுதான். மண்ணின் ஈரத்தில் கரைந்து, வேர் உடனே உறிஞ்சும்படி இருப்பதோ ஒரு நேரத்தில் ஒரு கிலோவுக்கும் குறைவு. மீதி எல்லாம் அலுமினியத்தோடும் இரும்போடும் சுண்ணாம்போடும் மக்கோடும் பிணைந்து கிடக்கிறது. வேர் கொஞ்சம் உறிஞ்சியதும் பிணைப்பிலிருந்து கொஞ்சம் விடுபடும். நூறு நாளாக நடக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலை ஆய்வகம் சில நிமிடங்களில் பாவனை செய்துகாட்ட வேண்டும். அதற்காக மண்ணில் ஒரு கரைசலை ஊற்றிக் குலுக்கி, வடிகட்டி, வடிந்த சாற்றில் இருப்பதை அளக்கிறார்கள். ஊற்றும் கரைசலைப் பொறுத்துத்தான் கரைந்து வருவதும். வர்ஜீனியா ஊற்றுவது மெலிக்-1, டெலவேர் ஊற்றுவது மெலிக்-3. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் மரக்காலின் கொள்ளளவு மாறும்; நெல்லை அளந்தவன் எண்ணைச் சொன்னால் போதாது, எந்த ஊர் மரக்கால் என்றும் சொல்லியாக வேண்டும். மணிச்சத்து எண்ணும் அப்படித்தான்.

ஏன் எல்லாரும் ஒரே கரைசலை எடுத்துக்கொள்ளவில்லை? இதற்குப் பதில் வேதியியலில் இருக்கிறது. பிடிவாதம் என்று அதைத் தள்ளிவிட முடியாது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் பிரே 1920களிலிருந்தே மணிச்சத்துக்கு எளிய சோதனை தேடிக்கொண்டிருந்தவர். 1945இல் அவரும் கர்ட்ஸும் வெளியிட்ட முறை இன்றும் பிரே-1 என்ற பெயரில் வழங்குகிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதோடு அம்மோனியம் புளோரைடு. அமிலத் தன்மையுள்ள மண்ணில் மணிச்சத்தைக் கட்டிவைத்திருப்பது பெரும்பாலும் அலுமினியம். புளோரைடு அந்த அலுமினியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கட்டவிழ்ந்த மணிச்சத்து கரைசலுக்கு வரும். அழகான உத்தி. ஆனால் இதே கரைசலைச் சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் ஊற்றினால், அமிலத்தைச் சுண்ணாம்பு தின்றுவிடும். புளோரைடும் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். வயலில் மணிச்சத்து போதுமான அளவு இருந்தாலும் அறிக்கையில் 'மிகக் குறைவு' என்றே வரும்.

மேற்கே கொலராடோவில் அப்படிப்பட்ட சுண்ணாம்பு மண்தான் அதிகம். அங்கே அமெரிக்க வேளாண்மைத் துறையில் இருந்த ஸ்டெர்லிங் ஓல்சன், தம் சகாக்களோடு 1954இல் வேறு வழியில் போனார். அமிலத்தைக் கைவிட்டு, கார-அமில நிலை (pH) 8.5 உள்ள சோடியம் பைகார்பனேட் கரைசலை எடுத்துக்கொண்டார். அது கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியவைக்கிறது. கால்சியம் விலகியதும் அதோடு சேர்ந்திருந்த மணிச்சத்து விடுபடுகிறது. எதிரிக்கு எதிரான ஆயுதத்தை எதிரியின் பொருளாலேயே செய்ததுபோன்ற இந்தத் தீர்வு இன்று உலகின் வறண்ட, சுண்ணாம்பு நிலங்களில் எல்லாம் பயன்படுகிறது.

தென்கிழக்கே வட கரோலினாவில் அடால்ஃப் மெலிக்கின் கையில் இருந்தது மூன்றாவது வகை மண்: காலங்காலமாக மழையில் அலசப்பட்ட, களி குறைந்த, அமில மணல். அதற்கு அவர் 1953இல் இரண்டு நீர்த்த அமிலங்களின் கலவையைப் பரிந்துரைத்தார். அதுதான் மெலிக்-1. பின்னர் 1984இல் அசெட்டிக் அமிலம், நைட்ரிக் அமிலம், அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் புளோரைடு, இ.டி.டி.ஏ. ஆகிய ஐந்தையும் சேர்த்து மெலிக்-3 என்ற கரைசலைத் தந்தார். ஒரே சாற்றில் மணிச்சத்து, சாம்பல்சத்து, கால்சியம், மக்னீசியம், துத்தநாகம், தாமிரம் எல்லாம் கிடைக்கும். ஒரே பாய்ச்சலில் பல தனிமங்களை அளக்கும் பிளாஸ்மா கருவிகள் ஆய்வகங்களுக்கு வந்த காலம் அது. நாளுக்கு நூற்றுக்கணக்கில் மண் வரும் இடத்தில் இந்த வசதியின் அருமை தெரியும். டெலவேரும் பென்சில்வேனியாவும் மெலிக்-3க்கு மாறின; வர்ஜீனியா மெலிக்-1இல் நின்றது. வடக்கே நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகம், கனெக்டிகட்டின் மார்கன் 1941இல் வெளியிட்ட அசெட்டேட் கரைசலையே வைத்துக்கொண்டது.

கரைசலை மாற்றுவது எளிது என்று தோன்றலாம். புட்டியில் இருப்பதைக் கொட்டிவிட்டு வேறொன்றை நிரப்பினால் போயிற்று. ஆனால் எண்ணுக்குப் பொருள் தருவது புட்டி அல்ல, வயல். ஒரு முறையில் '20' என்று எண் வந்தால், அந்த நிலத்தில் உரம் போட்டால் விளைச்சல் கூடுமா கூடாதா? கூடும் என்றால் எத்தனை கிலோ? இதற்குப் பல இடங்களில், பல ஆண்டுகள், உரமிட்ட பாத்தியும் இடாத பாத்தியுமாகப் பயிர் வைத்து, அறுத்து, எடைபோட்டுப் பார்த்திருக்க வேண்டும். எந்த எண்ணுக்குமேல் உரத்தால் பயனில்லையோ அதுவே தீர்வு எல்லை. வட கரோலினாவில் கேட்டும் நெல்சனும் 1965இல், சிதறிக் கிடக்கும் புள்ளிகளை ஒரு செங்குத்துக் கோட்டாலும் ஒரு கிடைக்கோட்டாலும் நான்கு கட்டமாகப் பிரித்து அந்த எல்லையைக் கண்டுபிடிக்கும் எளிய வழியைச் சொன்னார்கள். ஒரு மாநிலத்தில் நாற்பது ஐம்பது ஆண்டுகளாக வயல்களில் உழைத்துச் சேர்த்த தரவு மெலிக்-1 என்ற அளவில் இருந்தால், மெலிக்-3க்கு மாறும் நாளில் அந்த உழைப்பெல்லாம் மொழிபெயர்க்கப்பட வேண்டும். இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுச் சமன்பாடு போடலாம். ஆனால் மணலுக்குப் போட்ட சமன்பாடு களிமண்ணுக்கு ஒத்துவராது.

ஆக, மாற்றத்தை ஒரு மாநிலம் தனியாகச் செய்ய முடியாது. பக்கத்து மாநிலத்தோடு பேசாமல் இருக்கவும் முடியாது. அமெரிக்கர்கள் இதற்குக் கண்ட வழியை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனென்றால் அதில் பிரம்மாண்டம் எதுவும் இல்லை. 1946இல் வந்த ஒரு வேளாண் ஆராய்ச்சிச் சட்டம், மாநிலப் பரிசோதனை நிலையங்களுக்குப் போகும் மத்திய நிதியில் ஒரு பங்கை, பல மாநிலங்கள் கூடிச் செய்யும் வேலைக்கென்று ஒதுக்கியது. அந்த ஏற்பாட்டின் வழியில் வடமத்திய, தென், வடகிழக்கு, மேற்கு வட்டாரங்களில் மண் பரிசோதனைக் குழுக்கள் உருவாயின. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒருவர் இருவர் வருவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இந்த வேலையை நாம் எல்லாரும் எப்படிச் செய்வது என்று பேசி எழுதிவைப்பார்கள். வடமத்தியக் குழு 1975இல் தன் செய்முறைக் கையேட்டை வெளியிட்டது. அடுத்தடுத்துத் திருத்தப்பட்டு இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. வடகிழக்குக் குழுவின் கையேடு 1991இல் வந்தது.

அந்தக் கையேடுகளில் இருக்கும் நுணுக்கம் வியக்கவைக்கும். வேகமாக வேலை நடக்கும் ஆய்வகத்தில் மண்ணை நிறுத்துப் போடுவதில்லை. ஒரு சிறு கரண்டியால் அள்ளிப் போடுகிறார்கள். கரண்டி என்றால் எந்தக் கரண்டி? பத்து கிராம் மண்ணுக்கு 8.51 கன செ.மீ. கொள்ளும் கரண்டி என்று வடமத்தியக் குழு முடிவுசெய்தது. அப்பகுதியின் வண்டல் கலந்த மண், பொடித்துச் சலித்தபின் ஒரு கன செ.மீ.க்கு ஏறக்குறைய 1.18 கிராம் எடையிருக்கும் என்ற கணக்கில் அமைந்த அளவு அது. அள்ளியபின் கைப்பிடியில் மூன்று தட்டு, பிறகு மேலே வழித்துவிடுவது. தட்டாமல் வழித்தால் மண் குறையும், ஐந்து தட்டுத் தட்டினால் கூடும். பிரே-1 என்றால் மண் ஒரு பங்குக்குக் கரைசல் பத்துப் பங்கு, ஐந்து நிமிடக் குலுக்கல், நிமிடத்துக்கு 200 அசைவு. ஓல்சன் என்றால் ஒன்றுக்கு இருபது, அரைமணி நேரம். மண்ணை உலர்த்தும் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது.

இதில் எதுவும் வெறும் சம்பிரதாயம் அல்ல. ஓல்சன் முறையில் அறையின் வெப்பம் ஒவ்வொரு பாகை செல்சியஸ் கூடும்போதும் சாற்றில் வரும் மணிச்சத்து ஏறக்குறைய 0.4 பி.பி.எம். கூடுவதை ஓல்சனே எழுதிவைத்திருக்கிறார். மார்கழிக் காலையில் 22 பாகையும் சித்திரை மதியத்தில் 34 பாகையும் இருக்கும் ஓர் அறையில், அதே மண் கிட்டத்தட்ட ஐந்து பி.பி.எம். வித்தியாசம் காட்டும். 'குறைவு' என்பதற்கும் 'நடுத்தரம்' என்பதற்கும் இடையில் அவ்வளவு இடைவெளிதான் இருக்கிறது. குளிர்சாதனம் வாங்க முடியாத ஆய்வகம்கூட, தன்மை தெரிந்த மண் ஒன்றை ஒவ்வொரு தொகுதியோடும் சேர்த்துச் சோதித்து இந்த விலகலைக் கண்டுகொள்ளலாம். செலவு ஒரு பிடி மண்.

கூட்டுறவு இல்லாவிட்டால் நல்ல அறிவியல்கூடத் தோற்றுவிடும் என்பதற்கு அயோவா மாநிலத்தின் கதை இருக்கிறது. சில களி வகைகள் காயும்போது அவற்றின் ஏடுகளுக்கு நடுவே சாம்பல்சத்து நகர்கிறது. ஈரமாக இருந்த மண் ஓர் எண்ணைத் தரும், காய்ந்த பின் அதே மண் வேறு எண்ணைத் தரும். பயிர் வளர்வதோ ஈர மண்ணில். அதனால் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகம் 1960களில் தொடங்கி, மண்ணைக் காயவைக்காமல் ஈரமாகவே சோதித்தது. வயலின் உண்மைக்கு நெருக்கமான முறை என்று அவர்களுடைய சோதனைகள் காட்டின. ஆனால் வேறு எந்த ஆய்வகமும் அதைக் கையில் எடுக்கவில்லை. ஈர மண்ணை அரைப்பதும் சேமிப்பதும் அவர்களுக்குத் தொல்லையாகப் பட்டது. 1988இல் அயோவாவும் கைவிட்டது. ஒரே ஓர் ஆய்வகம் மட்டும் பேசும் மொழியில் விவசாயிக்கு அறிக்கை கொடுத்துப் பயனில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, புதிய வயல் ஆய்வுகளோடு அந்த முறை மறுபடி உயிர்பெற்றது. இம்முறை வட்டாரக் குழுவின் கையேட்டிலும் அதற்கு இடம் கிடைத்தது.

எழுதிவைத்த செய்முறை ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதா என்று எப்படித் தெரியும்? ஒரே மண்ணை எல்லாருக்கும் அனுப்பிப் பார்ப்பதுதான் வழி. இதில் முன்னோடி நெதர்லாந்தின் வாகனிங்கன். அங்கிருந்து 1956 முதல் உலர்த்திப் பொடித்த இலை மாதிரிகள் பல நாட்டு ஆய்வகங்களுக்குப் போய்வருகின்றன. மண் மாதிரிகள் பின்னாளில் சேர்ந்தன. வட அமெரிக்காவில் மண் அறிவியல் சங்கத்தின் மேற்பார்வையில் நடக்கும் திட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண், இலை, நீர் என மூன்று வகையையும் அனுப்புகிறது. யாருக்கும் விடை தெரியாது. எல்லா ஆய்வகங்களின் எண்களையும் வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணையே விடையாக எடுத்துக்கொள்கிறார்கள். சராசரியைப் போடாததற்குக் காரணம் உண்டு. ஓர் ஆய்வகம் புள்ளியை இடம் மாற்றி 18க்குப் பதில் 180 என்று அனுப்பினால் சராசரி சாய்ந்துவிடும். நடு எண் அசையாது. ஒவ்வோர் ஆய்வகமும் அந்த நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது அதற்குத் தெரிவிக்கப்படும். எந்த ஆய்வகம் தள்ளி நின்றது என்று ஊருக்கு அறிவிப்பதைவிட, ஏன் தள்ளி நின்றது என்று அந்த ஆய்வகமே தேடிப்போவதுதான் இதன் பயன்.

இலையும் நீரும் இந்த வேலையில் ஏன் வருகின்றன? மண் சோதனை பயிர் வைப்பதற்கு முன் சொல்லும் கணிப்பு. இலை சோதனை, பயிர் உண்மையில் எவ்வளவு பெற்றது என்று சொல்லும் சாட்சி. ஆனால் சாட்சியை எந்த வயதில், எந்த இலையில் கேட்பது என்ற ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதுவும் பயன்படாது. மக்காச்சோளத்தில் கதிர்ப்பட்டு விடும் பருவத்தில் கதிரை ஒட்டிய இலை, பருத்தியில் மேலே முழுதாக விரிந்த இளம் இலையின் காம்பு என்று பயிருக்குப் பயிர் விதி உண்டு. முதிர்ந்த இலையைப் பறித்தால் தழைச்சத்து குறைவாகவும் சுண்ணாம்புச் சத்து கூடுதலாகவும் காட்டும்.

நீரின் கணக்கு இன்னும் நேரடியானது. பாசன நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் தழைச்சத்து நைட்ரேட் வடிவில் இருந்தால், 100 மி.மீ. பாய்ச்சும்போது ஹெக்டேருக்கு 10 கிலோ தழைச்சத்து உரம் போட்டதற்குச் சமம். நெப்ராஸ்காவின் பிளாட் ஆற்றுப் படுகையில் பல ஆண்டு உரமிடுதலால் நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறிப்போனது. அங்கே கிணற்று நீரைச் சோதித்து, அதில் வரும் தழைச்சத்தை உரப் பரிந்துரையிலிருந்து கழிக்கச் சொல்கிறார்கள். இங்கும் அளவுக்குப் பெயர் முக்கியம். ஓர் ஆய்வகம் 'நைட்ரேட் 44' என்று எழுதும், இன்னொன்று 'நைட்ரேட் வடிவத் தழைச்சத்து 10' என்று எழுதும். இரண்டும் ஒரே நீர். கவனிக்காமல் கழிப்பவர் நான்கு மடங்கு தவறு செய்வார்.

இதையெல்லாம் உர நிபுணர்களின் உள்விவகாரமாக வைத்திருந்த காலம் 1997இல் முடிந்தது. டெல்மார்வாவில் போகோமோக் ஆறு டெலவேரின் சதுப்பில் பிறந்து, மேரிலாந்து வழியாக ஓடி, வர்ஜீனியாவும் கரை கொண்ட நீரில் கலக்கிறது. அந்தக் கோடையில் அதில் புண்களோடு மீன்கள் செத்து மிதந்தன. பிஸ்டீரியா என்ற நுண்ணுயிரின் மேல் சந்தேகம் விழுந்தது. அது எந்த அளவுக்குக் காரணம் என்பதில் அறிவியலாளர்களிடையே சச்சரவு இருந்தது. ஆனால் விரிகுடாவுக்குள் மிதமிஞ்சி இறங்கும் சத்துகளைப் பற்றி யாருக்கும் சச்சரவில்லை. கோழி எருவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கும் விகிதம், மக்காச்சோளம் கேட்கும் விகிதம் அல்ல. பயிரின் தழைச்சத்துத் தேவைக்கு அளந்து எருப்போட்டால் மணிச்சத்து இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக மண்ணில் விழும். ஆண்டுக்கு ஆண்டு அது சேரும். மணற்பாங்கான மண் ஓர் அளவுக்கு மேல் பிடித்துவைக்காது. வடிகால் வாய்க்கால் வழியே விரிகுடாவுக்குப் போய்ப் பாசியை வளர்க்கிறது. பாசி மடிந்து அழுகும்போது நீரின் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. நண்டும் சிப்பியும் மீனும் அங்கே வாழ முடிவதில்லை.

1998இல் மேரிலாந்து சட்டம் போட்டது: ஏறக்குறைய ஒவ்வொரு பண்ணைக்கும் தழைச்சத்தோடு மணிச்சத்துக்கும் திட்டம் வேண்டும். அந்த நாளிலிருந்து மண் பரிசோதனை எண்ணுக்குச் சட்டத்தின் கனம் வந்துவிட்டது. அதற்கு முன் எண் சற்றுக் கூடிக் குறைந்தால் விவசாயிக்கு ஒரு மூட்டை உரம் நட்டமோ லாபமோ ஆகும். இப்போது எரு போடலாமா கூடாதா என்பதே அந்த எண்ணில் நிற்கிறது. மேரிலாந்து விவசாயிகளின் மண்ணோ பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் தனியார் ஆய்வகங்களுக்கும் போகிறது. கரைசலும் வேறு, அலகும் வேறு. எனவே எல்லா ஆய்வகங்களின் எண்களையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் வளக் குறியீட்டு மதிப்பை மேரிலாந்து வைத்திருக்கிறது. அதில் 100க்குமேல் போனால் மண்ணில் தேவைக்கு அதிகம். 150ஐ எட்டினால் அந்த வயலுக்கு மணிச்சத்துக் கசிவு ஆபத்தைத் தனியாகக் கணக்கிட்டாக வேண்டும்.

அந்த மாற்றுச் சமன்பாடுகள் வானத்திலிருந்து வரவில்லை. மத்திய அட்லாண்டிக் மாநிலங்களின் ஆய்வக ஆட்கள் ஒரே மண்களைத் தங்களுக்குள் பரிமாறி, ஒவ்வொருவர் கரைசலிலும் சோதித்து, பல ஆண்டுகள் வைத்திருந்த உறவின் பலன் அது. அதே மெலிக்-3 சாற்றைக்கூட, நீல நிறம் வரவழைத்து அளந்தால் ஓர் எண்ணும் பிளாஸ்மா கருவியில் அளந்தால் சற்றுப் பெரிய எண்ணும் வரும். நிறம் காட்டாத கரிம மணிச்சத்தையும் கருவி சேர்த்து எண்ணிவிடும். இதுவும் அத்தகைய ஒப்பீடுகளில் தெளிவான விஷயம்தான். 2010 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, விரிகுடாவில் வடியும் ஆறு மாநிலங்களுக்கும் தலைநகர்ப் பகுதிக்கும் சேர்த்து, ஆண்டுக்கு இறங்கலாகும் மணிச்சத்துக்கு 1.25 கோடி பவுண்டு என்று வரம்பு வைத்தது. ஆளுக்கொரு பங்கு. பங்கு போடும்போது ஒவ்வொரு மாநிலமும் மற்றவர் அளவை நம்பியாக வேண்டும்.

செய்முறையில் உடன்பட்டாலும், எண்ணைப் படித்துச் சொல்வதில் உடன்பாடு தானாக வந்துவிடாது. 1970களில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் ஒரே வயல்களின் மண்ணை ஐந்து ஆய்வகங்களுக்கு ஆண்டுதோறும் அனுப்பி, ஒவ்வொன்றும் சொன்ன உரத்தை அப்படியே பாத்திகளில் போட்டுப் பார்த்தார்கள். செலவில் பெரிய வித்தியாசம். விளைச்சலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பயிருக்குப் போதுமான அளவைத் தாண்டினால் நிறுத்து என்ற கொள்கையில் ஓர் ஆய்வகம் பரிந்துரைத்தது. மண்ணில் கால்சியம், மக்னீசியம், சாம்பல்சத்து இவை குறிப்பிட்ட விகிதத்தில் இருக்க வேண்டும் என்ற கொள்கையிலும், மண்ணின் இருப்பை ஏற்றிவைக்க வேண்டும் என்ற கொள்கையிலும் மற்றவை பரிந்துரைத்தன. கூடுதல் உரத்துக்குப் பணம் கொடுத்தவர் விவசாயி. அண்மை ஆண்டுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து, மாநிலந்தோறும் அலமாரிகளில் கிடந்த பழைய உரச் சோதனைத் தரவை ஒரே கிடங்கில் சேர்த்து, மாநில எல்லை பாராமல் மண்ணையும் பயிரையும் வைத்துத் தீர்வு எல்லையைத் தேடித்தரும் கருவி ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். மாநில எல்லைக் கோட்டின் இருபுறமும் ஒரே மண்ணுக்கு வெவ்வேறு பரிந்துரை இருந்துவந்ததை அவர்கள் மறைக்கவில்லை; வேலையைத் தொடங்கியதே அதிலிருந்துதான்.

இந்தக் கதைக்கும் நமக்கும் நேரடி உறவு உண்டு. இந்தியாவில் மண் பரிசோதனைத் திட்டம் 1955-56இல் ஓர் இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தின் கீழ், 16 ஆய்வகங்களோடு தொடங்கியது. பிரேயும் ஓல்சனும் அப்போதே நம் ஆய்வக மேசைக்கு வந்துவிட்டார்கள். அமில மண்ணுக்குப் பிரே, நடுநிலைக்கும் களருக்கும் சுண்ணாம்பு மண்ணுக்கும் ஓல்சன் என்பதே இன்றும் நடைமுறை. 1967-68இல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டம், இந்த எண்களை நம் வயல்களின் விளைச்சல் இலக்கோடு இணைக்கும் சமன்பாடுகளைப் பயிர்தோறும் உருவாக்கியது. கோவையும் அதில் ஒரு மையம். 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண் வள அட்டை 12 அளவீடுகளைச் சொல்கிறது. நாடெங்கும் ஒரே மாதிரி அட்டை என்பது நல்ல தொடக்கம். ஆனால் அட்டை ஒன்றாக இருப்பதும் எண் ஒன்றாக இருப்பதும் வேறு.

பொள்ளாச்சியைத் தாண்டிப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்துக்குள் போனால் கரிசல் மண் தொடர்கிறது. கேரளத்தின் பெரும்பகுதி அமில மண். அங்கே பிரே முறை இயல்பான தேர்வு. சித்தூரின் கரிசலோ கோவைக் கரிசலின் உறவு, சுண்ணாம்பு உள்ளது. அதன் எண்ணைக் கொச்சியின் செம்புறை மண்ணோடு ஒப்பிடுவதைவிட, கிணத்துக்கடவு மண்ணோடு ஒப்பிடுவதே பொருந்தும். ஆழியாறு நீரும் பொள்ளாச்சிப் பக்கத்து நிலங்களைத் தொட்டு, எல்லை தாண்டி, பாரதப்புழையில்தான் சேர்கிறது. தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளுக்கு எவ்வளவு தழைச்சத்து போடுகிறோம் என்பது கேரளத்துக் கிணறுகளுக்கும் சேர்ந்த விஷயம்.

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2017இல் உலக மண் ஆய்வகப் பிணையம் ஒன்றைத் தொடங்கி, வட்டார வாரியாகச் செய்முறைகளை ஒத்திசைத்துவருகிறது. அவ்வளவு தூரம் போகாமலே, மூன்று மாவட்ட ஆய்வகங்கள் தங்களுக்குள் தொடங்கிவிடலாம். சித்தூர் கரிசலில் ஒரு சாக்கு, அதன் கிழக்கே ஆனைமலைப் பக்கத்துச் செம்மண்ணில் ஒரு சாக்கு. நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, கால்பங்கீடு செய்து, பெயர் எழுதாத பைகளில் பாலக்காட்டுக்கும் கோவைக்கும் உடுமலைக்கும் அனுப்ப வேண்டும். கூடவே ஆழியாற்று நீரில் ஒரு புட்டி, தென்னை ஓலையில் குறித்த மட்டையிலிருந்து ஒரு பொடி. எந்தக் கரைசல், எத்தனை நிமிடக் குலுக்கல், அன்று அறையில் எத்தனை பாகை வெப்பம், எந்த அலகு என்று ஒரு தாளில் குறித்துத் திருப்பி அனுப்பச் சொல்லலாம். முதல் சுற்றில் எண்கள் விலகித்தான் நிற்கும். அமெரிக்க வட்டாரக் குழுக்களுக்கும் வாகனிங்கனுக்கும் முதல் சுற்று அப்படித்தான் இருந்திருக்கும். இரண்டாவது சுற்றை அறுவடைக்குப் பின், அடுத்த பயிருக்கு மண் எடுக்கும் வாரத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.